அசலை மறந்துவிடுகிறார்கள்

பஹாவ் பதிவிலாகாவுக்கு எதிரே என் கடை.
நகல் இருபது சென், வண்ணத்தில் ஒரு வெள்ளி.
பாரம் நிரப்ப ஐந்து; அழுதால் மூன்று.

குத்துச்சண்டை கோச் யோஸ்வானி
செவ்வாய்க்கிழமை மழையோடு உள்ளே வந்தார்.
கியூபாக்காரர். விளையாட்டு மன்றம் வரவழைத்து
தோட்டத்துப் பையன்கள் பதினொரு பேரை
அவர் கையில் கொடுத்திருக்கிறது.
அவர் மலாய் உடைசல். என் மலாயோ
ஒற்றைமரப் பாலத்தில் ஆடு.

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் உறை. அதற்குள்
தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு:
ஸ்பெயினில் ஒரு மாதா கோவில், 1908,
எறும்பு தின்ற மாதிரி ஓர் ஊர்ப்பெயர்.
"மூன்று நகல். வண்ணத்தில்.
துரைமாருக்குக் காட்டணும்."
துரைமார் என்று அவர் சொல்லவில்லை.
அவர் சொன்ன சொல் என் காதில் அப்படி விழுந்தது.

மெஷின் சூடாக நேரம் பிடிக்கும்.
அந்தத் தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறியவராம்.
வெள்ளைக்காரனுமா வெட்டினான்?
"வெட்டினான். பட்டினி நிறம் பார்க்காது."

பள்ளியில் அவர்களுக்குச் சொன்னது இது:
கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தோம்,
ஸ்பெயின்காரனை எதிர்த்தோம்.
ஒவ்வோர் அக்டோபரும் வெயிலில் நின்று கத்தியிருக்கிறார்.
இப்போது ஹவானாவில் அதே ஸ்பெயினின் வாசலில்
விடியுமுன்னே வரிசை.
இடம் பிடித்து விற்பது சிலருக்குப் பிழைப்பு.
ரொட்டி வரிசையில் அம்மா,
பாஸ்போர்ட் வரிசையில் தம்பி,
கடற்கரை விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் அக்கா.
விடுதியும் அவன் கம்பெனிதான்.
"துரத்தினதும் நாங்கள்.
துரத்தினவன் ஊரில் எங்கள் எலும்பு கிடக்கிறதா என்று
தோண்டுகிறதும் நாங்கள்."

சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

வீட்டில் குணாளன் இருக்கிறார், என் கணவர்.
ஐம்பத்தாறு வயது, சிவப்பு ஐ.சி.
ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தவர்;
மருத்துவச்சி கை கழுவினாள்,
கிராணி எழுத மறந்தார்.
இருபத்தெட்டு வருஷம் செம்பனைக்குலை லாரி.
எதிர்க்கட்டடத்துக்குப் பதினேழு தடவை.
பதினேழுக்கும் நகல் போட்டது நான்.

போன வருஷம் யாரோ யோசனை சொன்னார்கள்:
தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகம்
கம்பெனியோடு லண்டன் போயிருக்கும், எழுதிக் கேளுங்கள்.
எழுதினோம். "மதிப்பிற்குரிய ஐயா."
அந்த இரண்டு சொல்லுக்கு
ஒரு ராத்திரி முழுக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை.
மூட்டை கட்டிக்கொண்டு போனவனையா ஐயா என்கிறாய்?
காலையில் கையெழுத்துப் போட்டார்,
அடித்தாளிலும் பதியும்படி அழுத்தி.
பதில் இல்லை, இன்னும்.

இதை யோஸ்வானியிடம் சொல்லப் பார்த்தேன்.
ஆடு பாலத்தில் பாதியில் நின்றது.
எவ்வளவு புரிந்ததோ, ஒன்று கேட்டார்:
"கிடைத்தால் அவர் லண்டன் போவாரா?"
"எங்கே போறது? ஓட்டுப் போட
தமிழ்ப்பள்ளி வரைக்கும்."
தலையாட்டினார். இவர் போய்விடுவார்
என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மழை விட்டதும் மூன்று வெள்ளியை வைத்துவிட்டு ஓடினார்.

மூடியைத் தூக்கினால்
கண்ணாடிமேல் குப்புறக் கிடக்கிறது 1908.

எல்லாரும் இப்படித்தான்.
நகலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
அசலை மறந்துவிடுகிறார்கள்.
ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன்:
சாவுப் பத்திரம், சிங்கப்பூர் பெர்மிட்,
யாருடையதோ ஒரு கல்யாணம்.

கடையைப் பாதி இழுத்துவிட்டு
ஸ்கூட்டரில் திடலுக்குப் போனேன்.
சுதந்திர மாதம். விளக்குக்கம்பந்தோறும் கொடி,
நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு.
பையன்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்.
சீட்டைப் பார்த்ததும் கோச்சுக்கு முகம் வெளுத்தது.
வாங்கி, கண்ணில் ஒற்றாமல்,
மோந்து பார்த்தார்.

கடைசியில் நின்ற பையன் கயிற்றை நிறுத்திக் கேட்டான்:
"அக்கா, கோச் எங்கேயாச்சும் போறாரா?"

"மறுபடியும் இருட்டிக்கிட்டு வருது," என்றேன்.
"கையுறையெல்லாம் உள்ளே எடுத்து வை."